பன்னருவாள் கீறினால் வெட்டுக்காயப் பூண்டு

சோளத்தட்டு அறுக்கிற காலத்தில், பல் வைத்த பன்னருவாள் என் இடது ஆள்காட்டி விரலைக் கீறாத வருஷமே கிடையாது. சின்ன வயதில் அமுச்சிதான், அம்மாவைப் பெற்ற பாட்டிதான், ஓடி வருவாள். வரப்பில் நாலு இலையைக் கிள்ளி, உள்ளங்கையில் கசக்கி, காயத்தில் சாற்றைப் பிழிவாள். பிழிந்த கையோடு விரலை இறுக்கிப் பிடித்தால், ஆள்களை ஏவி வேலை வாங்கிக்கொண்டே வெகுநேரம் விடமாட்டாள். பாதி வைத்தியம் அந்தப் பிடிதான்.

பிள்ளைகள் தாத்தாப்பூ என்று காம்பைச் சுண்டித் தலையைத் தெறிக்கவிடும் செடிதான் இந்த வெட்டுக்காயப் பூண்டு. நீளமான ஒல்லிக் காம்பில் ஒற்றைப் பூ. நடுவில் மஞ்சள், சுற்றிலும் ஐந்தாறு வெள்ளை இதழ். ஒவ்வொரு இதழின் முனையிலும் மூன்று பல் இருக்கும். இலை சொரசொரக்கும். பூவைப் பார்த்து உறுதி செய்யாமல் இலையைப் பறிக்காதீர்கள். மத்திய அமெரிக்காப் பக்கமிருந்து வந்த செடி, இங்கே வெட்டுக்காயத்தின் பேரையே வாங்கிவிட்டது!

முதலில் ஓடுகிற நல்ல தண்ணீரில் மண் போகக் காயத்தைக் கழுவுங்கள். சுத்தமான துணியை வைத்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி, 10 நிமிஷம் அழுத்துங்கள். நடுவில் எடுத்துப் பார்க்கவே கூடாது. உறைந்து வருகிற ரத்தம் பிய்ந்துவிடும்.

கசிவு மட்டும் மிச்சமிருந்தால் வெட்டுக்காயப் பூண்டு. மாட்டுக் கொட்டகைப் பக்கம் பறிக்காதீர்கள். ரணஜன்னிக் (டெட்டனஸ்) கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கும். அமுச்சி இலையைக் கழுவியதில்லை. நான் காய்ச்சி ஆறிய தண்ணீரில் இரண்டு தரம் அலசுகிறேன். சோப்புப் போட்டுக் கழுவிய கையால் கசக்கி, நாலைந்து சொட்டு மட்டும் விடுவேன். எரியும். இலையிலுள்ள துவர்ப்புச் சத்து ரத்தத்திலும் தோலிலும் உள்ள புரதத்தோடு சேர்ந்து இறுகும். கடுக்காயைக் கடித்தால் வாய் இழுத்துப் பிடிக்குமே, அதே வேலை. சக்கையைக் காயத்தில் வைத்துக் கட்டாதீர்கள். காப்பித்தூளும் வேண்டாம்.

இதெல்லாம் கீறலுக்குத்தான். வாய் பிளந்த வெட்டு, ஆணி குத்திய ஆழக் காயம், 10 நிமிஷம் அழுத்தியும் நிற்காத ரத்தம் என்றால் இலை தேடாமல், அழுத்திப் பிடித்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் நான் இந்தப் பூண்டுச் சாறு விடுவதே இல்லை. சின்னக் காயமானாலும், கடைசியாக ரணஜன்னி ஊசி எப்போது போட்டீர்கள் என்று நினைவில்லையென்றால், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.