அரசியல், ஊர் வேலை, குடும்பம்னு வாழ்ந்தவங்களுக்கு நினைவு மலர் போடுறது எப்படி

எங்க தாத்தா சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்துல ஊராட்சி தலைவரா இருந்தவரு, திமுக கிளைச் செயலாளரா ரொம்ப வருஷம் ஓடுனவரு. அவர் போயி முதல் வருஷ நினைவு நாளுக்கு ஒரு சின்ன மலர் போடலாம்னு நாங்க உக்காந்தப்பதான் தெரிஞ்சது, எங்க யாருக்கும் அவர் வாழ்க்கை முழுசா தெரியாதுன்னு. ஆளாளுக்கு ஒரு துண்டு வச்சிருந்தோம். எட்டு மாசம் அலைஞ்சு அத ஒட்டுனோம், அந்த அனுபவத்துல சொல்றேன், உங்க வீட்லயும் இப்படி ஒருத்தர் இருந்திருந்தா தள்ளிப் போடாதீங்க.

முதல்ல ஒரு நீளமான அக்கவுண்ட் நோட்டு வாங்கி ஒவ்வொரு பக்கத்துலயும் மூணு பத்தி கோடு போடுங்க, கட்சி, ஊர், வீடுன்னு. ஓரத்துல வருஷம். எது தெரியுதோ அத அந்தந்த கட்டத்துல எழுதிட்டே வாங்க. எங்களுக்கு ஒரு மாசத்துலயே கட்சி பத்தி நிறைஞ்சு போச்சு, ஊர் பத்தி பாதி, வீட்டுப் பத்தி மட்டும் கிட்டத்தட்ட வெள்ளையா கெடந்தது. பிள்ளைங்க பொறந்த வருஷம், வீடு கட்டுன வருஷம், அவ்வளவுதான். அந்த வெள்ளைய பாத்ததும்தான் எங்களுக்கு வேலை எங்க இருக்குன்னு புரிஞ்சது. அவர் ஊர் ஊரா கூட்டத்துக்கு போனப்ப வீட்ல என்ன நடந்தது, யார் தோட்டத்த பாத்தா, ராத்திரி 12 மணிக்கு கட்சிக்காரங்க பத்து பேரோட வந்து நின்னா யார் அடுப்ப மறுபடி பத்த வச்சா? இது இல்லாம அவர் வாழ்க்கைய எழுதவே முடியாதுங்கறதுதான் என் கருத்து.

அதனால பேட்டிய வீட்லயே ஆரம்பிங்க. ஆச்சிகிட்ட போய் "தாத்தா பத்தி சொல்லுங்க"ன்னு கேட்டா "அவுகளுக்கு என்ன, நல்ல மனுசர்"ன்னு ஒரே வரியில முடிஞ்சிரும். சின்ன சின்ன பொருள வச்சு கேளுங்க. ஜெயிலுக்கு மனு போட்டு பாக்க போனப்ப என்ன கொண்டு போனீங்க, பஸ்சுக்கு காசு யார் குடுத்தா, அன்னைக்கு எத்தனை படி அரிசி வடிச்சீங்க, இப்படி. போன்ல ரெக்கார்டர போட்டு பக்கத்துல வச்சிட்டு கூடவே மொச்சக்கொட்ட உரிச்சுட்டு கேளுங்க, ஒரு தடவைக்கு முக்கா மணி நேரம் போதும், வயசானவங்க களைச்சு போயிருவாங்க. அவங்க அழுதா நிறுத்திட்டு இன்னொரு நாள் போங்க. ரெக்கார்டிங் பேர்லயே தேதி போட்டு அன்னைக்கே ரெண்டு இடத்துல காப்பி எடுத்து வச்சிருங்க.

அடுத்தது தேதிய சரி பாக்கறது. நினைவு வருஷத்த மாத்தி வச்சுக்கும், அது யார் தப்பும் இல்ல. எங்க வீட்ல எல்லாரும் "75-ல மிசாவுல உள்ள போனாரு"ன்னுதான் சொல்வாங்க, மிசான்னா விசாரணை இல்லாமயே உள்ள வைக்கற சட்டம். அவசரநிலை 1975 ஜூன்ல வந்தது சரிதான், ஆனா தமிழ்நாட்டுல திமுக ஆட்சிய கலைச்சது 1976 ஜனவரி 31, கட்சிக்காரங்கள கூட்டமா அள்ளுனது அதுக்கு அப்புறம்தான். டிரங்குப் பெட்டியில பாளையங்கோட்டை ஜெயில்ல இருந்து அவர் போட்ட கார்டு ஒன்னு கெடைச்சது, அதுல தபால் சீல் 1976 பிப்ரவரி. அதே மாதிரி "பதினஞ்சு வருஷம் தலைவர்"னு ஊர்ல சொன்னாங்க. 1986-ல ஊராட்சித் தேர்தல் நடந்து பதவிக்காலம் 91-ல முடிஞ்சது, அதுக்கப்புறம் 1996 வரைக்கும் தனி அதிகாரிங்கதான் பாத்தாங்க, அப்ப கணக்கு அஞ்சு வருஷம்தான் வருது. மிச்ச பத்து வருஷம் பதவி இல்லாமயே அவர்கிட்ட மனு எழுத ஜனங்க வந்துட்டு இருந்தாங்க, ஊர் அதையும் சேத்து தலைவர்னே எண்ணிருச்சு. இத நாங்க அப்படியே எழுதுனோம், பதினஞ்ச விட இது பெருசா தெரிஞ்சது.

தேதி எங்க கெடைக்கும்னா, ஊர்லயே கெடைக்கும். பள்ளிக்கூட கட்டடம், தண்ணி டேங்க், பஸ் ஸ்டாப் எல்லாத்துலயும் திறப்பு விழா கல் இருக்கும், வெள்ளை அடிச்சு மூடுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துருங்க. ஊராட்சி ஆபீஸ்ல தீர்மானப் புத்தகம் இருக்கும், வாயால கேட்டு குடுக்கலன்னா 2005 தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போடுங்க, 30 நாளைக்குள்ள பதில் தரணும். எம்எல்ஏ எலக்‌ஷன்ல நின்னவங்களா இருந்தா 1952-ல இருந்து ஒவ்வொரு வேட்பாளர் வாங்குன ஓட்டும் தேர்தல் கமிஷன் வெப்சைட்ல இருக்கு. பழைய பத்திரிகைக்கு தரமணி ரோஜா முத்தையா நூலகம், அரசு ஆவணத்துக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். ஒன்னு கவனம், மாவட்டம் மாறியிருக்கும், எங்க ஊர் 2019-ல இருந்து தென்காசி மாவட்டம், பழைய ஃபைல் எல்லாம் திருநெல்வேலி பேர்லதான் தேடணும்.

கல்யாணப் பத்திரிகைய விட்றாதீங்க. தாத்தா ஆச்சி கல்யாணம் 1961, சுயமரியாதைக் கல்யாணம், ஐயர் இல்ல, தாலி இல்ல, மாலை மட்டும். அந்த மாதிரி கல்யாணத்துக்கு அப்ப சட்டத்துல எடம் கெடையாது, 1967-ல அண்ணா ஆட்சி வந்துதான் சட்டம் போட்டு, ஏற்கனவே நடந்ததும் செல்லும்னு சொன்னாங்க. அப்படின்னா ரெண்டு பிள்ளை பெத்த பொறவும் ஆச்சி சட்டப்படி பொண்டாட்டி இல்ல, அதுக்கு அவங்க அக்கா தங்கச்சி கிட்ட என்னென்ன பேச்சு வாங்குனாங்கன்னு ஒரு மணி நேரம் சொன்னாங்க. நோட்டுல மூணு பத்தியிலயும் ஒரே விஷயத்த எழுத வேண்டியிருந்தது அங்கதான்.

பெரிய தலைவருங்க வாழ்க்கையிலயும் இது இப்படித்தான் பின்னி கெடக்குது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-ல சென்னை சட்ட மேலவைக்கு போன முதல் பெண், 1930-ல காந்திய கைது பண்ணதுக்கு அந்த பதவிய தூக்கி போட்டவங்க, அவங்க தங்கச்சி கேன்சர்ல செத்த துக்கம்தான் 1954-ல அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியா வந்து நின்னது. தங்கச்சிய விட்டுட்டு அந்த ஆஸ்பத்திரி கதைய யாரால சொல்ல முடியும்?

அப்புறம் எதிர்த்து நின்னவங்க கிட்ட கட்டாயம் போங்க. 72-ல கட்சி உடைஞ்சப்ப எம்ஜிஆர் பக்கம் போன தாத்தாவோட பழைய கூட்டாளி, 86-ல அவர எதிர்த்து நின்னு தோத்தவரு, இப்பவும் இருக்காரு. மோர் குடுத்து உக்கார வச்சு, "உங்க தாத்தா ஜெயிச்ச முதல் வருஷம் எங்க தெருவுக்கு பைப் போடல, வேணும்னேதான் போடல, பொறவு நான் சண்டை போட்டப்ப தப்புதான்னு ஒத்துக்கிட்டு போட்டாரு"ன்னு சொன்னாரு. சித்தப்பா இத போடவே கூடாதுன்னு கத்துனாரு. போட்டோம். ஊருக்கே தெரிஞ்சத நாம மறைச்சா மத்த பக்கத்த எவன் நம்புவான்?

எழுதும்போது தன்னலமற்ற, செம்மல், மக்கள் தொண்டர் இதெல்லாம் வந்தா அடிச்சிருங்க. அந்த எடத்துல அவர் செஞ்ச ஒரு வேலைய எழுதுங்க. ஆயிரம் பேருக்கு மனு எழுதி குடுத்தவர் எந்த பேனாவுல எழுதுனாரு, எந்த திண்ணையில உக்காந்தாரு, அது போதும்.

பழைய போட்டோவ லேமினேஷன் பண்ணிராதீங்க, அப்புறம் பிரிக்கவே முடியாது. ஃபிரேம் கண்ணாடியில ஒட்டிக்கிட்டத பிச்சு எடுக்காம கண்ணாடியோட சேத்தே சாய்ஞ்ச வெளிச்சத்துல படம் எடுங்க. பின்பக்கம் பேர் எழுத பென்சில்தான், பேனா மை முன்னாடி ஊறிரும். அட்டைக்கு எந்த தலைவர் கூட நிக்கற படம்னு எங்க வீட்ல பெரிய சண்டை, கடைசியில வாசல்ல பேத்திய தோள்ல வச்சிட்டு நிக்கற படத்த போட்டோம்.

பக்கம் நாலோட மடங்கா வச்சுக்கோங்க, நடுவுல பின் அடிக்க வசதி. நாங்க 32 பக்கம், 200 காப்பி. கிளை நூலகத்துக்கு ரெண்டு, பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு, எதிர்த்து நின்ன தாத்தாவுக்கு ஒன்னு.

பிரஸ்ல இருந்து வந்த முதல் காப்பிய ஆச்சிக்கு வாசிச்சு காட்டுனோம். தண்ணி டேங்குக்கு எடம் குடுத்தவரு சும்மா தர மாட்டேன்னுட்டாரு, 1987-ல ஆச்சியோட ரெண்டு வளையல அடகு வச்சு அந்த காச கட்டுனாருன்னு எழுதியிருந்தோம், அடகு சீட்டு கையில இருந்துச்சு. ஆச்சி கைய காட்டி நிறுத்துனாங்க. "ரெண்டு இல்ல ஐயா, நாலு. ரெண்டு அடகு, ரெண்டு வித்தது. வித்ததுக்கு சீட்டு ஏது?" அன்னைக்கு ராத்திரி குடும்பமே உக்காந்து 200 காப்பியிலயும் ரெண்ட அடிச்சு நாலுன்னு பேனாவுல திருத்துனோம்.