நண்பனுக்கு நாவல் சொல்லும்போது கதையைச் சொல்லாதீர்கள்

பிடித்த நாவலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முழுக் கதையும் வாயில் வந்துவிடும். அதைக் கேட்டபின் நண்பன் ஏன் புத்தகத்தைத் தொடப்போகிறான்?

பதிலாக, முதல் பக்கத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். 'பொன்னியின் செல்வ'னில் ஆடிப்பெருக்கு நாள், வீரநாராயண ஏரிக்கரை, குதிரையில் வந்தியத்தேவன். அவன் எங்கே போகிறான் என்று நண்பன் கேட்டதும் புத்தகத்தை மூடி அவன் கையில் கொடுத்துவிடுங்கள். ஐந்து பாகங்களையும் ஒரேயடியாகத் தூக்கிக் கொடுக்க வேண்டாம், முதல் பாகம் போதும். கல்கியின் எழுத்து நாட்டுடைமையானது என்பதால் தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

அதைவிட முக்கியம், ஆளைப் பார்த்துச் சொல்வது. கிரிக்கெட் பைத்தியமா? அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' கொடுங்கள். நிஜாம் ஆட்சியின் கடைசி நாட்களில், செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடித் திரியும் ஒரு கல்லூரி மாணவனின் கதை. நம் வயதுக்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான தமிழ் நாவல் குறைவு என்பேன்.

"நல்லா இருக்கும், படி" என்பதால் யாரும் படிப்பதில்லை. "எனக்கு இந்த இடத்தில் தூக்கம் போச்சு" என்று பக்க எண்ணோடு சின்னச் சீட்டு எழுதி உள்ளே வையுங்கள். "எங்கே வரை வந்தே?" என்று தினமும் நச்சரிக்காதீர்கள்.