பழைய பாகம், பழைய இடம்: 6பிடி லாரி இன்ஜினை மறுபடி பூட்டும் முறை

இன்ஜினை இறக்கி வேலை பார்க்கும்போது எல்லாவற்றையும் புதிதாக வாங்கிப் போடுவதுதான் சுலபம். புதுப் பாகத்தை எந்த சிலிண்டரில் போட்டாலும் ஒன்றுதான். லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய பாகம் அப்படியல்ல, தன்னோடு உரசிய துணையோடு சேர்ந்தே தேய்ந்திருக்கும். திரும்பப் போடுவதானால் இருந்த இடத்தில், இருந்த முகமாகவே போட வேண்டும்.

இங்கே எடுத்துக்கொள்வது டாட்டா லாரிகளில் வந்த கம்மின்ஸ் 6பிடி 5.9, பன்னிரண்டு வால்வு இன்ஜின். போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 102 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 120 மிமீ, தனி லைனர் (துளைக்குள் செருகும் குழாய்) கிடையாது. கீழே உள்ள அளவுகள் இதற்கு மட்டும். வேறு இன்ஜினில் இதே டார்க்கை (போல்டை முறுக்கும் விசை அளவை) வைத்து முறுக்காதீர்கள்.

கழற்றும்போதே அடையாளம்

முட்டை அட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது குழி, வரிசைக்கு ஆறு. ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கென்றே செய்ததுபோல இருக்கும். (நாமக்கல் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இதைத் தேடி அலையும் வேலையும் இல்லை.) ஒரு ஓரத்தில் ‘ஃபேன் பக்கம்’ என்று எழுதி, 12 டேப்பட்டையும் (கேம்ஷாஃப்டின் மேடு தள்ளும் சிறு பாகங்கள்) இரண்டு வரிசையாக வையுங்கள். டேப்பட்டுக்கும் ராக்கருக்கும் இடையில் நிற்கும் புஷ்ராடு கம்பிகளை அட்டைப்பெட்டியில் துளை போட்டு அதே வரிசையில் குத்தி நிறுத்துங்கள். வால்வை அழுத்தும் ராக்கர் செட் ஆறுக்கும் பெயின்ட் மார்க்கரால் நம்பர்.

பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடிலும், அதன் அடியைப் பூட்டும் கேப்பிலும் நம்பர் ஏற்கெனவே அடித்திருக்கும். தெரியவில்லை என்று அரத்தால் கீறாதீர்கள், விரிசல் அந்தக் கீறலில்தான் பிறக்கும். கேப்பையும் ராடையும் ஒன்றாகப் பூட்டித்தான் துளையைக் கடைந்திருப்பார்கள். அதனால் மூன்றாவது கேப்பை ஐந்தாவது ராடில் போட்டால் துளை வட்டமாக இருக்காது. கிராங்கை பிளாக்கோடு பிடிக்கும் மெயின் கேப் ஏழுக்கும் இதே கதைதான்.

எதைத் திரும்பப் போடலாம்

ரிங், ஹெட் கேஸ்கெட், ஆயில் சீல் மூன்றும் எப்படியும் புதிது. பேரிங் ஷெல்லில் (கிராங்க் சுழலும் இடத்தில் உள்ள அரைவட்டத் தகடு) செம்பு நிறம் தெரிந்தால் அதுவும் புதிது. பழைய ஷெல்லை எறியும் முன் முதுகைத் திருப்பிப் பாருங்கள். 0.25 என்று இருந்தால் கிராங்கை ஏற்கெனவே ஒருமுறை கிரைண்டிங் செய்திருக்கிறார்கள், ஸ்டாண்டர்டு ஷெல் வாங்கினால் தொளதொளவென்று நிற்கும். ஸ்டாண்டர்டு கிராங்கில் மெயின் ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் பகுதி) சுமார் 83 மிமீ, ராட் ஜர்னல் 69 மிமீ. மைக்ரோமீட்டரால் ஒவ்வொன்றையும் இரண்டு திசையில் அளந்தால் நீள்வட்டமாகத் தேய்ந்தது பிடிபடும்.

பிஸ்டனில் மேல் ரிங் பள்ளம் சரிவாக இருக்கும். அதில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை, அதற்கென்று உள்ள கேஜ் வேண்டும்.

டேப்பட்டின் அடிமுகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சீரான வட்டத் தடம் இருந்தால் நல்லது. குழி விழுந்திருந்தாலோ ஒரே கோடாகத் தேய்ந்திருந்தாலோ அது சுழலாமல் நின்றிருக்கிறது. அந்த டேப்பட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு கேம்ஷாஃப்டில் அதற்கு நேரான மேட்டையும் தடவிப் பாருங்கள். நல்ல கேமில் புது டேப்பட் போடலாம். புதுக் கேமில் பழைய டேப்பட் போடவே கூடாது, சீக்கிரமே மேடு கரைந்துவிடும்.

பிளாக்கைக் கழுவுதல்

ஹோனிங் செய்த (கல்லால் உரசிய) போரை டீசலால் கழுவினால் கல் தூள் போகாது. சுடுநீரும் சோப்புத்தூளும் போட்டு பிரஷ்ஷால் தேயுங்கள். ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்து, துணி கறுக்காமல் வரும் வரை விடாதீர்கள். அங்கே தங்கிய தூள் புது ரிங்கைத் தின்றுவிடும். கழுவியதும் உடனே ஆயில் தடவாவிட்டால் துரு பிடிக்கும்.

டேப்பட், கேம், கிராங்க்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். டேப்பட்டின் அடி அகலமானது, மேலிருந்து இறங்காது. பிளாக் கவிழ்ந்திருக்கும்போதே உள்பக்கமாக 12-ஐயும் அதனதன் துளையில் போட்டு, பிறகுதான் கேமை நுழைக்க வேண்டும். மறந்தால் கேமை மறுபடி உருவும் வேலைதான்.

மெயின் ஷெல்லின் முதுகும் அது உட்காரும் இடமும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும், ஆயில் உள்முகத்துக்கு மட்டும். துளை உள்ள ஷெல் பிளாக் பக்கம். மாற்றி வைத்தால் ஆயில் வழி அடைபட்டு முதல் ஓட்டத்திலேயே சீஸ் ஆகும் (இறுகி நின்றுவிடும்). கிராங்கின் முன்பின் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும், விளிம்புள்ள த்ரஸ்ட் ஷெல் ஆறாவது மெயினுக்கு. கேப் போல்டுகளுக்கு ஆயில் தொட்டு 60, 119, 176 நியூட்டன் மீட்டர் என்று மூன்று கட்டமாக முறுக்குங்கள். கிராங்க் முன்பின் ஆட்டம் 0.10 முதல் 0.43 மிமீக்குள் இருக்க வேண்டும். கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும்.

பிஸ்டன்

புது ரிங்கை அது போகப்போகும் போரிலேயே விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி வாய் இடைவெளியை (ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ளதை) பாருங்கள். மேல் ரிங் 0.40–0.70 மிமீ, மற்ற இரண்டும் 0.25–0.55 மிமீ. வாய்கள் மூன்றும் 120 டிகிரி தள்ளித் தள்ளி நிற்கட்டும்.

பிஸ்டன் தலையில் உள்ள முன்பக்க அடையாளம் ஃபேன் பக்கம். சுத்தியல் கைப்பிடியால் தள்ளுங்கள். இடையில் நின்றால் அடிக்காதீர்கள், ரிங் வெளியே எட்டிப் பார்த்திருக்கும். ராட் போல்ட் 35, 70, 100 நியூட்டன் மீட்டர். ராடின் பக்கவாட்டு ஆட்டம் 0.10–0.30 மிமீ. ஒவ்வொரு பிஸ்டன் ஏறியதும் கிராங்கை ஒரு சுற்று சுற்றுங்கள். ஆறையும் ஏற்றிவிட்டுக் கடைசியில் சுற்றினால், இறுக்கம் எதில் என்று தெரியாமல் ஆறையும் கழற்ற வேண்டியிருக்கும்.

முன்பக்க கியரும் அந்தப் பின்னும்

கிராங்க் கியர், கேம் கியர் இரண்டின் குறிகளையும் சேர்த்து வையுங்கள். கியர் ஹவுசிங்கை பிளாக்கோடு நேர்படுத்தும் டவல் பின் ஒன்று உண்டு. இந்த இன்ஜினின் பெயர்போன வியாதியே அதுதான்: அதிர்வில் நழுவி வந்து கியருக்குள் விழும், ஹவுசிங்கை உடைக்கும். முன் கவர் திறந்திருக்கும் இப்போதே, பக்கத்துப் போல்டுக்கு அடியில் சின்னத் தகடு ஒன்று கொடுத்துப் பின்னின் வாயை மறைத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஹெட், வால்வு

ஹெட் போல்ட் 26. நீளம் சரியாக இருந்தால் பழையதே போதும். நடுவில் தொடங்கி வெளிப்பக்கம் போங்கள். முதலில் எல்லாம் 90 நியூட்டன் மீட்டர், பிறகு நீள போல்டுகள் மட்டும் 120, கடைசியாக எல்லாவற்றையும் 90 டிகிரி திருப்புங்கள்.

முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் உச்சிக்கு வந்ததும் டைமிங் பின்னை உள்ளே தள்ளினால் கேம் கியர் துளையில் விழும். அப்போது பார்க்க வேண்டிய வால்வுகள்: 1, 2, 4 இன்டேக், 1, 3, 5 எக்ஸாஸ்ட். பின்னை வெளியே இழுத்துவிட்டு ஒரு முழுச் சுற்று சுற்றி மற்ற ஆறு. இன்டேக் 0.25 மிமீ, எக்ஸாஸ்ட் 0.51 மிமீ, இன்ஜின் குளிர்ந்த நிலையில். பின்னை இழுக்காமல் சுற்றினால் அது உடைந்து உள்ளே விழும்.

முதல் ஸ்டார்ட்

ஆயில் ஃபில்டரையும் டர்போ ஆயில் வழியையும் நிரப்பி, டீசலை நிறுத்தி வைத்து, 20–30 விநாடி வீதம் இடைவெளி விட்டு செல்ஃப் அடியுங்கள். பிரஷர் ஊசி எழுந்த பிறகுதான் டீசலைத் திறக்க வேண்டும். நாலைந்து முறை அடித்தும் ஊசி அசையவில்லை என்றால் மேலும் செல்ஃப் அடிக்காமல் சம்பை (அடியில் உள்ள ஆயில் தொட்டியை) இறக்குங்கள். முதலில் ஆயில் உறிஞ்சும் குழாயின் கேஸ்கெட்டைப் பாருங்கள், அடுத்தது மெயின் ஷெல்.