நீச்சல் குள மோட்டார்: கரண்டை மிச்சம் பிடிப்பது எப்படி?

முதலில் கணக்கு. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.25 மீட்டர் ஆழம் என்றால் 40,000 லிட்டர். மோட்டார் மணிக்கு 10,000 லிட்டர் தள்ளினால், 4 மணி நேரத்தில் ஒரு சுற்று முடியும், அதாவது குளத்தின் அளவு தண்ணீர் ஒருமுறை ஃபில்டர் வழியே போய்வரும். சாதாரண நாளுக்கு அதில் தொடங்குங்கள். தண்ணீர் கலங்கினாலோ, நிறையப் பேர் குளித்தாலோ இரண்டு சுற்று. விடிய விடிய ஓடவிடுவது வெறும் பில்.

புது மோட்டார் வாங்குவதாக இருந்தால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடியதாகப் பாருங்கள். வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் பாதியாகும். மின்சாரமோ ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காக இறங்கும். இரண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் கால்வாசி யூனிட்தான். பேக்வாஷுக்கு, அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டரைக் கழுவ, முழு வேகம் வேண்டும்.

பழைய மோட்டாரே என்றால் மணல் ஃபில்டரின் பிரஷர் கேஜ்தான் வழிகாட்டி. பேக்வாஷ் முடித்ததும் முள் நிற்கும் இடத்தை மார்க்கரால் குறித்துவையுங்கள். அதைவிட 8–10 பிஎஸ்ஐ ஏறினால் மறுபடி பேக்வாஷ்: வால்வில் உள்ள பார்வைக் கண்ணாடியில் தண்ணீர் தெளியும்வரை, 2–3 நிமிடம்; பிறகு வால்வை ரின்ஸுக்கு மாற்றி அரை நிமிடம் அலசல். மோட்டாரை நிறுத்தாமல் வால்வைத் திருப்பாதீர்கள். உள்ளே கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் ரப்பர்) பிய்ந்தால் குளத்துத் தண்ணீர் சத்தமில்லாமல் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

முள் குறிக்குக் கீழே இறங்கினால் மோட்டார் முன்னால் உள்ள வடிகட்டிக் கூடையில் இலை அடைத்திருக்கும், அல்லது மோட்டார் காற்று இழுக்கும். குளத்துக்குள் வரும் தண்ணீரில் குமிழி தெரிந்தால், கூடை மூடியின் ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) துடைத்து சிலிகான் கிரீஸ் தடவுங்கள். வாசலின் வேண்டாம், ரப்பர் ஊறிப்போகும். ஸ்கிம்மர் (குளச் சுவரில் மேல்மட்டத் தண்ணீரை இழுக்கும் திறப்பு) வழியாகவும் காற்று போகாமலிருக்க, நீர்மட்டம் அதன் வாயின் பாதியில் நிற்கட்டும்.