பாம்பன் பாலத்தில் இரண்டு வெடி: எது முதலில்?

ஒரு தாளில் நீளமாகக் கோடு போடுங்கள். அதுதான் பாம்பன் ரயில் பாலம்: இடப்பக்கம் மண்டபம் முனை, வலப்பக்கம் பாம்பன் முனை, நடுவே ஏறக்குறைய 2 கிலோமீட்டர் கடல். கோட்டுக்கு மேலே அதே நீளத்துக்கு ஒரு ரயில், பாம்பனை நோக்கி. (அவ்வளவு நீள ரயில் ராமேஸ்வரத்துக்கு வராது, கணக்குக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.) பாலத்தின் நடுவில் ஒரு கேங்மேன் (தண்டவாளம் பராமரிப்பவர்). ரயிலின் நடுவில், கருவாட்டுக் கூடையோடு ஓர் அம்மா.

அடுத்து, ரயிலின் இரு நுனிகளும் பாலத்தின் இரு முனைகளுக்கு நேராக வரும்போது முனைக்கு ஒரு வெடி. ரயிலிலும் தண்டவாளத்திலும் கரி படிகிறது. இரண்டு வெளிச்சமும் கேங்மேனிடம் ஒன்றாக வந்து சேர்கின்றன. "ஒரே நேரத்தில் வெடித்தன" என்கிறார் அவர். சரிதான்.

அந்த அம்மாவோ பாம்பன் பக்கம் நகர்கிறார். பாம்பன் வெளிச்சம் அவரிடம் முதலில் வருகிறது. கேங்மேனும் இதை மறுக்க மாட்டார்.

இங்கேதான் பலர் வழுக்குவார்கள், நானும் வழுக்கியவன்தான்: "வெளிச்சம் வந்து சேரும் தாமதம்தானே?" இல்லை. மண்டபம் முனையில் நிற்கும் ஒருவருக்கும் பாம்பன் வெளிச்சம் சுமார் 6.7 மைக்ரோ நொடி பிந்தித்தான் வரும். அதைக் கழித்துவிட்டு அவரும் "ஒரே நேரம்" என்பார். நிற்கும் இடம் மாறினால் குறிப்பாயம் (எதை அசையாதது என்று வைத்து அளக்கிறோமோ அந்தச் சட்டகம்) மாறாது. வேகம் மாறினால்தான் மாறும்.

இப்போது ரயிலுக்குள் உட்கார்ந்து யோசியுங்கள். அந்த அம்மாவுக்கு ரயில் அசையவில்லை, பாலம்தான் ஓடுகிறது. இரண்டு கரித்தடமும் அவரிடமிருந்து சம தூரம். சத்தம் என்றால் காற்றைக் காரணம் சொல்லலாம். கச்சான் (மேற்கிலிருந்து வரும் காற்று) அடித்தால் மண்டபத்துச் சத்தம் சீக்கிரம் வரும். ஒளிக்கு அப்படி ஒரு ஊடகத்தை மைக்கேல்சனும் மார்லியும் 1887இல் தேடினார்கள், அகப்படவில்லை. யார் அளந்தாலும் ஒளிவேகம் ஒன்றே என்று 1905இல் ஐன்ஸ்டைன் அடித்தளம் போட்டார். சம தூரம், சம வேகம், ஆனாலும் ஒன்று முந்தி வந்தது. அப்படியானால் அது முந்தி வெடித்தது. கழிக்க இங்கே தாமதமே மிச்சமில்லை.

எவ்வளவு முந்தி? காமா × ரயில் வேகம் × பால நீளம் ÷ ஒளிவேகத்தின் வர்க்கம். (காமா என்பது வேகம் கூடக் கூட 1இலிருந்து வளரும் ஒரு பெருக்கெண்; ரயில் வேகத்தில் அது ஏறக்குறைய 1தான்.) மணிக்கு 75 கிலோமீட்டர் என்றால், ஒரு நொடியை இரண்டு லட்சம் கோடியாகப் பங்கு போட்டு அதில் சுமார் ஒரு பங்கு. யார் கண்டார்! ஒளிவேகத்தில் 60 சதவீதம் என்றால் காமா 1.25, விடை 5 மைக்ரோ நொடி.

அப்புறம், ராமேஸ்வரத்திலிருந்து திரும்பும் ரயிலையும் வரைந்து பாருங்கள். அதில் இருப்பவருக்கு மண்டபம் வெடிதான் முதல்.