ஹாலோவீனுக்கு லூசி, எத்தல் வேஷம்: தைக்கத் தெரியாதவர்களுக்கும்

மாறுவேஷம் போடும் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 வந்தால் அமெரிக்க ஆபீஸ் பார்ட்டிகளில் சூனியக்காரிகளுக்கும் பேட்மேன்களுக்கும் குறைவே இருக்காது. பழைய டிவி காமெடிகள் பக்கம் போனால் கூட்டத்தில் தனியாகத் தெரியலாம், பாதி உடை வீட்டு அலமாரியிலேயே கிடைத்துவிடும். ஒன்றே ஒன்று: கதாபாத்திரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், காட்சியைத் தேர்ந்தெடுங்கள். வெறும் புள்ளி போட்ட கவுனில் போய் நின்றால் "நீங்க யாரு?" என்று கேட்பார்கள். கையில் அந்தக் காட்சியின் பொருள் இருந்தால் கேட்க மாட்டார்கள்.

நான் சொல்லப்போவது 'ஐ லவ் லூசி'யின் சாக்லேட் ஃபேக்டரி. அமெரிக்க டிவி சேனலான சிபிஎஸ்ஸில் 1951 முதல் 1957 வரை ஓடிய தொடர், இந்த எபிசோட் 1952 செப்டம்பரில் வந்தது. லூசில் பால் நடித்த லூசியும் விவியன் வான்ஸ் நடித்த எத்தலும் ஓடும் கன்வேயர் பெல்ட்டில் வரும் சாக்லேட்டைக் காகிதத்தில் சுற்ற வேண்டும், ஒன்று தவறினாலும் வேலை போய்விடும். பெல்ட் வேகமெடுக்க, சுற்ற முடியாததை எல்லாம் வாயில், தொப்பியில், உடைக்குள் என்று திணித்துக்கொள்வார்கள். மேற்பார்வை பார்க்கும் அம்மாவோ, பெல்ட் காலியாக இருப்பதைக் கண்டு இன்னும் வேகமாக ஓட்டச் சொல்வார்!

முதலில் உடை. இருவருக்கும் ஒரே வெளிர் நிறத்தில் கவுன் அல்லது நீளமான சட்டை, மேலே வெள்ளை ஏப்ரன். தொடர் கறுப்பு வெள்ளையில் வந்ததால் நிறம் தப்பு என்று யாரும் சண்டைக்கு வர முடியாது.

அப்புறம் தொப்பி, இதுதான் முக்கியம். பழைய வெள்ளைத் துணியில் 55 செ.மீ. அகலத்துக்கு ஒரு வட்டம் வெட்டுங்கள். ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே தள்ளி ஊசிநூலால் சுற்றிலும் ஓட்டி இழுத்தால் துணி சுருங்கும், தலைச் சுற்றளவு வரும்வரை சுருக்குங்கள். தடித்த வெள்ளை அட்டையில் 6 செ.மீ. அகலப் பட்டை வெட்டி (தலைச் சுற்றளவோடு 3 செ.மீ. கூடுதலாக) வளையமாக்கி, சுருக்கிய துணியை அதில் ஸ்டேப்ளர் அடித்து மாட்டுங்கள். பின்னின் மடங்கும் முனை வெளிப்பக்கம் வரட்டும், இல்லாவிட்டால் நெற்றியைக் கீறும். மேலே டேப் ஒட்டினால் பின் தெரியாது.

சாக்லேட்டுக்கு முட்டை வரும் காகித அட்டை போதும். குழிகளைத் தனித்தனியாக வெட்டி, கவிழ்த்து, பழுப்பு அக்ரிலிக் பெயின்ட் அடியுங்கள். தெர்மகோல் உருண்டை வேண்டுமென்றாலும் சரி, ஆனால் அதில் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் கரைந்து போகும்.

பெல்ட்: பெரிய அட்டைப்பெட்டியிலிருந்து 90 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலத்தில் ஒரு பலகை வெட்டிக் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். சாக்லேட்டுகளை வரிசையாக ஒட்டி, இரு முனையிலும் கழுத்தில் மாட்ட ரிப்பன் கட்டுங்கள். ரிப்பனின் ஒரு பக்கத்தை வெல்க்ரோவில் வையுங்கள், கதவைத் தாண்டவும் பாத்ரூம் போகவும் கழற்றியாக வேண்டுமே. நாலைந்து சாக்லேட் தொப்பி ஓரத்திலும் ஏப்ரன் கழுத்திலும் எட்டிப் பார்க்கட்டும்.

லூசியின் சிவப்பு முடிக்கு மெனக்கெட வேண்டாம். லூசில் பாலின் இயற்கையான முடி பழுப்பு, மருதாணிதான் அதைச் சிவப்பாக்கியது. நம் கறுப்பு முடியில் மருதாணி அவ்வளவாக எடுபடாது, அதனால் ஆரஞ்சு கம்பளி நூலைச் சுருட்டித் தொப்பியின் முன்பட்டையில் ஒட்டிவிடுங்கள், பின்னால் யார் பார்க்கிறார்கள்? வாயில் மட்டும் நிஜ சாக்லேட். குழந்தைகளுக்குக் கொடுப்பதை உறை பிரிக்காமல் கொடுங்கள், வேர்க்கடலை அலர்ஜி அங்கே சாதாரண விஷயமல்ல.

இவ்வளவு பொறுமை இல்லையென்றால் 'கில்லிகன்ஸ் ஐலண்ட்' என்ற இன்னொரு பழைய டிவி காமெடி இருக்கிறது, அதில் வரும் கில்லிகனும் அவன் கேப்டனும் ஆகிவிடலாம்: ஒருவருக்கு முழுக்கை சிவப்புச் சட்டை, வெளிர் பேன்ட், வெள்ளைத் துணித் தொப்பி, இன்னொருவருக்கு நீலச் சட்டை, கேப்டன் தொப்பி. ஒருவர் மெலிந்தும் மற்றவர் பருத்தும் இருந்தால் வேலை பாதி முடிந்தது. தனியாகப் போகிறவர் 1978-ல் ராபின் வில்லியம்ஸ் 'மார்க் அண்ட் மிண்டி' டிவி காமெடியில் வேற்றுக்கிரகவாசி மார்க்காகப் போட்ட வானவில் சஸ்பெண்டரைக் கோடு போட்ட சட்டைமேல் மாட்டிக்கொண்டு, கை குலுக்க வருபவரிடம் விரல்களைப் பிரித்து, மார்க் வணக்கம் சொல்வதுபோல "நானு நானு" என்றால் போதும். கேப்டன் தொப்பியை மட்டும் கடைசி வாரம்வரை விடாமல் முன்னாடியே வாங்கிவிடுங்கள்.