மூத்த மகனுக்கு ஒரு ஷில்லிங்: ஆங்கிலேய யோமன் குடும்பச் சொத்தைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1680-களில் எழுதிய ஓர் உயிலை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் ஏதோ ஒரு கிராமத்தில், சொந்தப் பண்ணை வைத்திருந்த ஒரு யோமன் எழுதியது. இளைய மகனுக்கு நாற்பது பவுண்டு. மகள்களுக்கு ஆளுக்கு முப்பது பவுண்டும் ஒரு மெத்தையும். மனைவிக்கு வீட்டுச் சாமான்கள் அத்தனையும். மூத்த மகனுக்கு ஒரே ஒரு ஷில்லிங். இதைப் படித்ததும் "அப்பாவுக்கும் பிள்ளைக்கும் மனஸ்தாபம், கைகழுவிவிட்டார்" என்று முடிவுகட்டத் தோன்றும். பெரும்பாலும் நடந்தது நேர்மாறாக இருக்கும். பண்ணையே அந்த மூத்தவருக்குப் போயிருக்கும். அவருடைய கல்யாணத்தின்போதே எழுதிக் கொடுத்திருப்பார்கள், அல்லது சட்டப்படி தானாகவே அவருக்கு இறங்கியிருக்கும். உயிலில் இருப்பது மற்ற பிள்ளைகளைச் சமாதானப்படுத்தும் பங்கு மட்டுமே.

இப்படிப்பட்ட உயில்கள் ஆங்கிலேய ஆவணக் காப்பகங்களில் ஏராளம். அவற்றை வைத்து எழுதிய தவறான குடும்ப வரலாறுகளும் குறைவில்லை. வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான் ஒரு வழியில் கைமாறியது, சொந்த நிலம் இன்னொரு வழியில், மேனருக்கு, அதாவது ஒரு பிரபுவின் ஆளுகையில் இருந்த நிலப்பகுதிக்கு, உட்பட்ட நிலம் மூன்றாவது வழியில். ஒரே ஆவணத்தில் முழுக் கதையும் இருக்கும் என்று நம்புவதே பெரிய தவறு. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி அதன் பிள்ளைகள்.

முதலில் யோமன் என்ற பட்டத்தைப் பற்றி. ஜென்ட்ரி எனப்பட்ட மேல்குடிக்குக் கீழே, ஹஸ்பண்ட்மேன் எனப்பட்ட சிறு விவசாயிக்கு மேலே இருந்தவர் யோமன். அது ஊர் கொடுத்த அந்தஸ்து. நில உரிமையின் வகையைச் சொல்லும் சட்டச் சொல் அல்ல. 'யோமன் என்றால் சொந்த நிலக்காரர்' என்று எடுத்துக்கொண்டு சொந்த நிலத்தின் பத்திரங்களை மட்டும் தேடினால் பாதிப் பண்ணை கண்ணில் படாது. பல யோமன்கள் கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் மேனர் நிலம், கொஞ்சம் குத்தகை என்று மூன்றையும் சேர்த்துத்தான் உழுதார்கள். ஒரே மனிதர் தன் உயிலில் தன்னை யோமன் என்று எழுதியிருப்பார். அவர் இறந்த பிறகு சொத்துக் கணக்கெடுத்த அண்டை வீட்டார் ஹஸ்பண்ட்மேன் என்று எழுதியிருப்பார்கள். இதைப் பார்த்து இரண்டு ஆட்கள் என்று பிரித்துவிடக் கூடாது.

இதன் மறுபக்கம், இரண்டு ஆட்களை ஒருவராக்கிவிடுவது. கும்ப்ரியாவில் விண்டர்மியர் ஏரிக்கு மேலே உள்ள டிரவுட்பெக்கில் டவுன்எண்ட் என்ற வீடு இருக்கிறது. பிரவுன் என்ற யோமன் குடும்பம் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து 1943 வரை அதில் வாழ்ந்தது. இப்போது நேஷனல் டிரஸ்ட் அதைப் பராமரிக்கிறது. அந்தக் குடும்பத்தில் ஜார்ஜ் என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். தாத்தா, அப்பா, பேரன், ஒன்றுவிட்ட சகோதரன் என்று ஒரே பேட்டையில் ஒரே பெயரில் பலர் இருக்கும்போது, பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? வயலின் பெயர், வீட்டின் பெயர், மேனருக்குக் கட்டிய ஆண்டு வாடகை ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டு போங்கள். அதே மூன்று வயல்களுக்கு அதே ஆறு ஷில்லிங் வாடகையைக் கட்டியவர் யார், அவருக்கு அடுத்து கட்டியவர் யார் என்று பார்த்தால் எந்த ஜார்ஜ் யார் என்பது பெரும்பாலும் பிடிபடும். 'சீனியர்', 'ஜூனியர்' என்ற அடைமொழிகளையும் அப்படியே நம்ப வேண்டாம். ஊரில் ஒரே பெயரில் வயதில் மூத்தவர், இளையவர் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லாமல் போகலாம்.

உயிலால் எதைக் கொடுக்க முடிந்தது?

1540-ஆம் ஆண்டுச் சட்டம்தான் ஃப்ரீஹோல்ட் எனப்படும் சொந்த நிலத்தை உயில் மூலம் கொடுக்க வெளிப்படையாக வழி திறந்தது. 1677-க்குப் பிறகு, நிலத்தைக் கொடுக்கும் உயில் எழுத்தில் இருக்க வேண்டும், மூன்று சாட்சிகளாவது கையெழுத்திட வேண்டும் என்று விதி வந்தது. உயிலில் நிலத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றால் அது பொதுச்சட்டப்படி மூத்த மகனுக்கு இறங்கும். மகன் இல்லாவிட்டால் மகள்கள் எல்லோருக்கும் சமபங்கு.

காப்பிஹோல்ட் எனப்படும் மேனர் நிலம் வேறு கதை, தேடுபவருக்கு இதுதான் பெரிய புதையல். சட்டப்படி அந்த நிலம் மேனர் பிரபுவுடையது. அனுபவிப்பவர் மேனர் நீதிமன்றத்தின் வழியாகத்தான் அதை வாங்கவோ, விற்கவோ, பிள்ளைக்கு விடவோ முடியும். அங்கே நடந்ததைக் கிட்டத்தில் பார்ப்போம். நிலக்காரர் இறந்தார் என்று ஊர்ப் பெரியவர்களின் ஜூரி அறிவிக்கிறது. ஹெரியட் என்ற உரிமையின்படி, இறந்தவரின் மாடு குதிரைகளில் சிறந்த ஒன்று பிரபுவுக்குப் போகிறது. வாரிசு யார், என்ன வயது, இறந்தவருக்கு என்ன உறவு என்று ஜூரி சொல்கிறது. வாரிசு முன்னே வந்து, பிரபுவின் காரியஸ்தர் நீட்டும் கோலின் நுனியைப் பிடித்து நிலத்தைப் பெற்றுக்கொண்டு, நுழைவுக் கட்டணம் செலுத்துகிறார். இத்தனையும் தோல் சுருளில் பதிவாகிறது. அதன் நகல் ஒன்று அவர் கைக்கு வருகிறது. காப்பிஹோல்ட் என்ற பெயரே அந்த நகலிலிருந்து வந்தது. வாரிசு வராவிட்டால் அடுத்தடுத்த நீதிமன்றங்களில் மூன்று முறை கூப்பிடுவார்கள். ஆக ஒரே பதிவில் இறப்பு, வாரிசு, உறவு, நிலத்தின் விவரம் எல்லாம் கிடைத்துவிடும். சில பதிவுகளில் மூன்று தலைமுறை வரிசையாக வரும். சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவேடு தொலைந்துபோன ஊருக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

காப்பிஹோல்ட் நிலத்தை உயிலில் கொடுக்க விரும்பியவர், உயிருடன் இருக்கும்போதே நீதிமன்றத்தில் அதை 'என் உயிலின்படி ஆகட்டும்' என்று ஒப்படைத்திருக்க வேண்டும். 1815-இல்தான் இந்தத் தேவை நீங்கியது. அதற்கு முந்தைய உயிலில் இப்படி ஒப்படைத்ததாக ஒரு வரி தென்பட்டால், உடனே மேனர் சுருள்களைத் தேடிப் போங்கள். காப்பிஹோல்ட் முறை 1926 ஜனவரி 1 அன்று முடிவுக்கு வந்தது. ஆகவே 20-ஆம் நூற்றாண்டு வரைகூட இந்தப் பதிவுகள் நீளும்.

மேனர் ஆவணங்களைத் தேடும்போது பலர் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடி, ஒன்றும் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு ஊருக்குள் மூன்று மேனர்கள் இருக்கலாம். ஒரு மேனர் நான்கு ஊர்களில் சிதறிக் கிடக்கலாம். முதலில் எந்த மேனர் என்று கண்டுபிடியுங்கள். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் மேனர் ஆவணங்களுக்கென்றே ஒரு பதிவேட்டைப் பராமரிக்கிறது. எந்த மேனரின் சுருள் எங்கே இருக்கிறது என்பதை அதில் இணையத்திலேயே பார்க்கலாம்.

மேற்கு இங்கிலாந்தில் இன்னொரு பொறி உண்டு. அங்கே நிலத்தை 'மூன்று ஆயுள்' கணக்கில் கொடுப்பது வழக்கம். ஒப்பந்தத்தில் மூன்று பேரின் பெயர் இருக்கும். கடைசி ஆள் சாகும்வரை நிலம் குடும்பத்திடம் இருக்கும். அதில் ஐந்து வயதுக் குழந்தையின் பெயரைப் பார்த்து, 'சிறுவயதிலேயே சொத்துக்காரர்' என்று எழுதிவிடக் கூடாது. நீண்ட காலம் வாழும் என்ற நம்பிக்கையில்தான் அந்தக் குழந்தையைச் சேர்த்திருப்பார்கள்.

வாரிசு முறையும் ஊருக்கு ஊர் மாறியது. கென்ட் கவுண்டியில் கேவல்கைண்ட் என்ற வழக்கப்படி நிலம் எல்லா மகன்களுக்கும் சமமாகப் பிரிந்தது. சசெக்ஸின் பல மேனர்களில் கடைசி மகனே வாரிசு. கைம்பெண்ணுக்குச் சொந்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு வாழ்நாள் உரிமை. மேனர் நிலத்தில் அந்தந்த மேனரின் வழக்கப்படி பாதியோ முழுதுமோ. பல இடங்களில் மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். உயிலில் மனைவிக்கு ஒன்றும் இல்லையே என்று வருந்துவதற்கு முன், வழக்கமே அவளுக்கு என்ன கொடுத்தது என்று பார்ப்பதுதான் நியாயம்.

இறந்த பிறகு எடுத்த சொத்துப் பட்டியல்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. அண்டை அயலார் இரண்டு மூன்று பேர் இறந்தவரின் வீட்டில் அறை அறையாக நடந்து விலை போட்டிருப்பார்கள். முதல் வரியில் எப்போதும்போல் பணப்பையும் உடுத்தும் துணியும். பிறகு கூடம், படுக்கையறை, பால் அறை. பிறகு பசுக்கள், ஏர், களஞ்சியத்துத் தானியம், வயலில் நிற்கும் கோதுமை, முற்றத்து எருக்குவியல். கடைசி வரியில் மறந்துபோன சில்லறைச் சாமான்கள். ஆனால் கூட்டுத்தொகை 60 பவுண்டு என்று இருந்தால், அந்த மனிதரின் மொத்த மதிப்பே அவ்வளவுதான் என்று நினைப்பது பெரும் பிழை. சொந்த நிலமும் மேனர் நிலமும் இந்தப் பட்டியலில் வராது. குத்தகை நிலம் அசையும் சொத்தாகக் கருதப்பட்டதால் அது மட்டும் வரும். அவருக்கு வரவேண்டிய கடன் வரும். அவர் கொடுக்கவேண்டிய கடன் பொதுவாக வராது. இருநூறு ஏக்கர் நிலக்காரர் ஏழையாகத் தெரிவதும், கழுத்துவரை கடனில் இருந்தவர் செல்வந்தராகத் தெரிவதும் இதனால்தான். இந்தப் பட்டியல்கள் 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு அரிதாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பத்திரம் சொல்லும் பொய்கள்

பழைய ஆங்கிலேயப் பத்திரங்களில் வக்கீல்கள் வகுத்த கற்பனை நாடகங்கள் உண்டு. அவற்றைச் சொன்னபடியே நம்பினால் கதை தலைகீழாகும். ஐந்து ஷில்லிங் வாங்கிக்கொண்டு ஓராண்டுக் குத்தகை, வாடகை ஒரே ஒரு மிளகு என்று ஒரு பத்திரம் கிடைத்தால், அது குத்தகையே அல்ல. மறுநாள் தேதியிட்ட இன்னொரு பத்திரம் அதனுடன் ஜோடியாக இருந்திருக்கும். இரண்டும் சேர்ந்து கிரயம். 17-ஆம் நூற்றாண்டிலிருந்து 1841 வரை நிலம் விற்க இதுவே வழக்கமான முறை. ஜோடியில் ஒன்று மட்டும் தப்பிப் பிழைத்திருக்கும்போது ஏமாறுகிறவர்கள் பலர். அதேபோல் 500 அல்லது 1,000 ஆண்டுக் குத்தகை என்று வந்தால் அது பெரும்பாலும் அடமானம். நீதிமன்ற வழக்கு போலத் தோன்றும் ஃபைன் ஆவணங்களும் உண்மையில் விற்பனை அல்லது குடும்ப ஏற்பாடுதான். வாதியாக நிற்பவர் வாங்குபவர். அதில் சொல்லும் பணமும் ஏக்கர் கணக்கும் சடங்குக்காக எழுதியவை. அதை வைத்துப் பண்ணையின் பரப்பைக் கணக்கிடவே கூடாது. 1833-இல் இந்த நாடகம் சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

ஏக்கர் என்றதும் இன்னொன்று. செஷயர் கவுண்டியின் பழைய ஏக்கர் 10,240 சதுர கெஜம்; சட்டப்படியான ஏக்கர் 4,840 தான். தாத்தா காலத்தில் நாற்பது ஏக்கர், பேரன் காலத்தில் எண்பத்தைந்து ஏக்கர் என்றால் பேரன் ஒரு காணியும் வாங்காமலே இருந்திருக்கலாம்.

தேதியில் தடுக்கி விழாதவர்கள் குறைவு. இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படியான ஆண்டு மார்ச் 25 அன்றுதான் தொடங்கியது. 1690 டிசம்பர் 20 அன்று எழுதிய உயில், 1690 பிப்ரவரி 15 அன்று நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டது என்று இருக்கும். எழுத்தர் தவறு செய்யவில்லை. நம் கணக்கில் அந்தப் பிப்ரவரி 1691-ஐச் சேர்ந்தது. மேனர் சுருள்களில் அரசரின் ஆட்சி ஆண்டுதான் இருக்கும். இரண்டாம் சார்லஸ் நாடு திரும்பியது 1660-இல் என்றாலும், அவருடைய ஆட்சி ஆண்டுகளைத் தந்தை கொல்லப்பட்ட 1649 ஜனவரியிலிருந்தே எண்ணினார்கள். ஆகவே 1660 அவருடைய பன்னிரண்டாம் ஆண்டு. தவிர, 1733 வரை இந்தச் சுருள்கள் லத்தீனில் இருக்கும். இடையில் குடியரசுக் காலத்தில் மட்டும் ஆங்கிலம். லத்தீன் என்று பயந்து ஒதுங்க வேண்டாம். ஒரே வாய்பாடுதான் திரும்பத் திரும்ப வரும், சில சுருள்கள் பார்த்தால் பழகிவிடும்.

உறவுச் சொற்களை இன்றைய பொருளில் படிப்பதும் குடும்ப மரத்தைக் கோணலாக்கும். அந்தக் காலத்து உயிலில் 'கசின்' என்பவர் அண்ணன் மகனாகவோ அக்காள் மகளாகவோ இருக்கலாம். 'சன்-இன்-லா' மருமகனாகவும் இருக்கலாம், மனைவிக்கு முந்தைய கணவர் மூலம் பிறந்த பிள்ளையாகவும் இருக்கலாம்.

கடைசியாக, எங்கே தேடுவது என்பது. 1858 ஜனவரி 12-க்கு முன் உயில்களை மெய்ப்பித்தவை சர்ச் நீதிமன்றங்கள். அவற்றில் உயர்ந்தது கான்டர்பரி பேராயரின் நீதிமன்றம். அதன் உயில்கள் கியூவில் உள்ளன, இணையத்தில் சுலபமாகக் கிடைக்கின்றன. சுலபமாகக் கிடைப்பதாலேயே பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். சாதாரண யோமனின் உயில் பெரும்பாலும் கீழே உள்ள ஆர்ச்டீக்கன் (பிஷப்புக்கு அடுத்த நிலை சர்ச் அதிகாரி) அல்லது பிஷப் நீதிமன்றத்தில்தான் இருக்கும். அதற்குக் கவுண்டி ஆவணக் காப்பகங்களைப் பார்க்க வேண்டும். வடக்கு இங்கிலாந்துக்கு யார்க்கில் உள்ள போர்த்விக் நிறுவனம். 1653 முதல் 1660 வரை மட்டும் எல்லா உயில்களும் லண்டனில் மெய்ப்பிக்கப்பட்டன.

டெவன் கவுண்டிக் குடும்பமென்றால் நிலைமை கடினம். 1942-இல் எக்ஸெட்டர் நகரின் மீது விழுந்த குண்டுகளில் அங்கிருந்த உயில்கள் சாம்பலாகின. ஆனாலும் தேடலை அங்கே முடித்துவிட வேண்டாம். 1812 முதல் 1857 வரை வரித்துறைக்காக எடுத்த உயில் நகல்கள் தப்பியிருக்கின்றன. இறப்பு வரிப் பதிவேடுகள் 1796-லிருந்து கியூவில் உள்ளன. பங்காளிகள் நிலத்துக்காகச் சண்டையிட்டுச் சான்சரி நீதிமன்றம் போயிருந்தால், அந்த மனுக்கள் ஆங்கிலத்திலேயே, தாத்தா பெயரிலிருந்து தொடங்கிக் குடும்பக் கதையை விரிவாகச் சொல்லும். 1593-இல் டெவனின் டீன் பிரையரைச் சேர்ந்த ராபர்ட் ஃபர்ஸ் என்ற யோமன், தன் முன்னோர், நிலங்கள், வழக்குகள் எல்லாவற்றையும் வாரிசுகளுக்காகத் தன் கைப்பட எழுதி வைத்தார். அது இன்று அச்சிலும் கிடைக்கிறது. உங்கள் குடும்பம் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தது இல்லையென்றாலும் அதை ஒருமுறை படியுங்கள். எந்த நிலம் எந்த வழியில் கைக்கு வந்தது என்று ஒரு யோமனே கணக்குச் சொல்வதை வேறெங்கும் இவ்வளவு விரிவாகப் பார்ப்பது அரிது.